முப்பது வருடம் கழித்து என்ன மிஞ்சியது? அமெரிக்கத் தலையீடுகள் பற்றி ஒரு விவாதம்

நெடுவழி எழுதியது:

அமெரிக்கா இன்னொரு நாட்டுக்குள் படையோடோ பணத்தோடோ உளவாளிகளோடோ புகுந்த கதைகளைப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதல் வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 1953 ஆகஸ்டில் ஈரானில் பிரதமர் மொசாடெக்கை வீழ்த்தியது அன்றைய வாஷிங்டனுக்குப் பெரிய வெற்றி. அடுத்த வருடமே ஈரானிய எண்ணெய்க் கூட்டமைப்பில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 விழுக்காடு பங்கு கிடைத்தது. இருபத்தைந்து வருடம் அந்த வெற்றி நின்றது. 1979-இல் அமெரிக்கா ஆதரித்த மன்னர் ஷா நாட்டைவிட்டு ஓடினார், தூதரகத்தில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள், அப்போது மூண்ட பகை இன்றும் தீரவில்லை. 1978-இல் கணக்கை மூடியிருந்தால் ஈரானை வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அதனால் இந்த இழையில் அளவுகோலை நீட்டிப் பார்ப்போம். குறைந்தது முப்பது வருடம். போய்விட்டுத் திரும்பியபோது பின்னால் எதை விட்டுவந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா எங்கெல்லாம் ஒரு படையை மட்டும் கட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பியதோ, அங்கெல்லாம் அந்தப் படையே நாட்டை விழுங்கியது. இதற்கு நல்ல சாட்சி கரீபியப் பகுதி. நிகராகுவாவுக்குள் 1912-இல் போனார்கள், ஹைட்டிக்குள் 1915-இல், டொமினிகன் குடியரசுக்குள் 1916-இல். மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே வேலைத்திட்டம்: சுங்க வருமானத்தைக் கையில் எடு, கடனை அடை, சாலை போடு, கட்சி சார்பற்ற ஒரு காவல்படையை உருவாக்கு. ஹைட்டியில் சாலை போட ஊர்மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். அதற்கு எதிராகக் கிளம்பிய கிளர்ச்சியை அமெரிக்கப் படைப்பிரிவான மரைன்களே ஒடுக்கினார்கள்.

அந்தக் காவல்படைகளுக்கு என்ன ஆனது? டொமினிகன் படையில் ஆரம்பக் காலத்திலேயே சேர்ந்து மரைன்களிடம் பயிற்சி பெற்ற ஒருவர்தான் ரஃபாயேல் துருஹியோ. மரைன்கள் போனது 1924. அவர் ஆட்சியைப் பிடித்தது 1930. சுட்டுக் கொல்லப்பட்ட 1961 வரை அவர் பிடி தளரவில்லை. நிகராகுவாவில் மரைன்கள் கடைசியாகப் புறப்பட்டது 1933 ஜனவரியில். தேசியக் காவல்படைக்குத் தலைவராக இருந்தவர் அனஸ்தாசியோ சொமோசா. அடுத்த வருடம் மரைன்களை எதிர்த்துப் போராடிவிட்டுச் சமாதானம் பேச வந்த கிளர்ச்சித் தலைவர் சாந்தினோவை அந்தப் படை கொன்றது. 1937-இல் சொமோசா அதிபர். 1979 வரை அந்தக் குடும்பத்தின் ராஜ்ஜியம்தான்.

இதை யாரும் சதி செய்து வரவழைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். கட்சி சாராத படை வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துத்தான் கட்டினார்கள். ஆனால் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் வரி அலுவலகமும் நோஞ்சானாக இருக்கிற நாட்டில் படை ஒன்றுக்கு மட்டும் சத்து ஏற்றினால் வேறென்ன நடக்கும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் வேறு மாதிரி செய்தார்கள், முடிவும் வேறாக வந்தது. நீங்கள் எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள்?

ஏடகம் எழுதியது:

நெடுவழி, ஜப்பானை அமெரிக்கா கட்டியது என்பதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஜப்பானுக்கு 1890 முதலே நாடாளுமன்றம் இருந்தது. 1925-இல் வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பள்ளி, ரயில், வரி வசூல், கிராமப் பதிவேடு என எல்லாமே இருந்தன. போருக்குப் பின் ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மெக்காதர் செய்த புத்திசாலித்தனம் அந்த நிர்வாகத்தைக் கலைக்காமல் அதன் வழியாகவே ஆண்டது. பேரரசரையும் நீக்கவில்லை. 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பை அமெரிக்க அதிகாரிகள்தான் வரைந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் ஜப்பானியர்கள் இன்றுவரை அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. வெளியிலிருந்து வந்த காகிதம் உள்ளூர் ஆட்களின் கையில் உயிர் பெற்றது.

ஜெர்மனியும் அப்படித்தான். அங்கே கசப்பான ஓர் உண்மையும் இருக்கிறது. நாஜிக் கட்சிக்காரர்களை அரசுப் பணியிலிருந்து களையெடுக்கும் வேலை கடுமையாகத் தொடங்கி, சில வருடத்தில் தளர்ந்து, 1951-க்குப் பிறகு பழைய அதிகாரிகள் பெருமளவில் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நீதி என்ற கண்ணால் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. நிர்வாகம் அறுபடாமல் ஓடியதற்கும் அதுவே ஒரு காரணம்.

இதோடு இராக்கை வைத்துப் பாருங்கள். 2003 மே 16-இல் சதாமை வீழ்த்திய பின் அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரேமர் போட்ட முதல் ஆணை சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசு வேலையிலிருந்து வெளியேற்றியது. ஒரு வாரம் கழித்து, மே 23-இல், இரண்டாவது ஆணை இராணுவத்தையே கலைத்தது. லட்சக்கணக்கான ஆண்கள், கையில் ஆயுதப் பயிற்சி, வீட்டில் வருமானம் இல்லை. பின்னாளில் ஐஎஸ் அமைப்பின் படைத்தலைமையில் சதாமின் பழைய அதிகாரிகள் பலர் இருந்தார்கள். ஆக நான் சொல்ல வருவது இதுதான்: நின்றுபோன இயந்திரத்தை அமெரிக்காவால் மறுபடி ஓட்ட முடிந்திருக்கிறது. இல்லாத இயந்திரத்தைச் செய்ய முடிந்ததில்லை. இராக்கில் இருந்ததையும் கழற்றிப் போட்டார்கள்.

ஊசிமுனை எழுதியது:

இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். வெற்றி என்றால் யாருடைய வெற்றி?

குவாத்தமாலாவை எடுத்துக்கொள்வோம். அதிபர் ஹாகோபோ ஆர்பென்ஸ் தேர்தலில் ஜெயித்து வந்தவர். 1952-இல் அவர் கொண்டுவந்த 900-ஆம் ஆணை பெரிய பண்ணைகளில் பயிரிடாமல் கிடந்த நிலத்தை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுத்தது. இழப்பீடு உண்டு, நிலத்தின் மதிப்பாக வரிக் கணக்கில் முதலாளியே எழுதிக்கொடுத்த தொகைப்படி. அங்கே பெரும் நிலம் வைத்திருந்த அமெரிக்க வாழைப்பழ நிறுவனம் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தது. அரசு கொடுக்க முன்வந்தது ஆறு லட்சத்துச் சொச்சம் டாலர். கம்பெனிக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டது ஒன்றரைக் கோடிக்கும் மேல். வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பு இருந்த வழக்கறிஞர் நிறுவனம் அதே கம்பெனிக்கு வேலை செய்தது. 1954 ஜூனில் சிஐஏ நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் விலகினார். நிலம் பழையபடி பெரிய கைகளுக்குத் திரும்பியது.

பிறகு 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேல். ஐநா ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் அடையாளம் கண்ட பலியாட்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். வன்முறையில் 93 விழுக்காட்டுக்கு அரசுப் படைகளும் அவற்றோடு சேர்ந்த குழுக்களுமே பொறுப்பு என்று 1999-இல் அறிவித்தது. அதே வருடம் கிளின்டன் அந்த நாட்டுக்கே போய், அப்படைகளுக்கு அமெரிக்கா துணைநின்றது தவறு என்றார்.

இதில் என்னை உறுத்துவது ஒரு மனிதரின் கதை. ஜப்பானில் நிலச் சீர்திருத்தத்தை வடிவமைத்த அமெரிக்க ஆலோசகர்களில் முக்கியமானவர் வுல்ஃப் லடிஜின்ஸ்கி. குத்தகை நிலம் சுமார் 46 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டு அளவுக்குக் குறைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கம்யூனிசம் பரவாமல் தடுத்தது துப்பாக்கியல்ல, உழுதவனுக்குக் கிடைத்த பட்டாதான் என்று நம்பியவர். அவரையே 1954 டிசம்பரில் பாதுகாப்புக்கு உகந்தவர் அல்ல என்று விவசாயத் துறை வேலையிலிருந்து தூக்கியது. எந்த வருடம் பாருங்கள், குவாத்தமாலாவின் நிலச் சீர்திருத்தத்தைக் கவிழ்த்த அதே வருடம். தனக்கு எது பலித்தது என்பதையே ஒரு நாடு அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கிறது.

மூன்றாம் சாமம் எழுதியது:

லடிஜின்ஸ்கி கதை அதோடு முடியவில்லை. வேறொரு துறை அவரை எடுத்து தெற்கு வியட்நாமுக்கு அனுப்பியது. அங்கே 1956-இல் அதிபர் ஸியெமின் அரசு வைத்த நில உச்சவரம்பு 100 ஹெக்டேர்! தென் கொரியாவில் அது ஏறக்குறைய மூன்று ஹெக்டேர். 100 ஹெக்டேர் வரம்பு போட்டால் எத்தனை குத்தகைக்காரருக்கு நிலம் போய்ச்சேரும்? கிராமங்களில் கம்யூனிச கெரில்லாக்களான வியட் காங் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்த நிலத்துக்குப் பழைய நிலக்கிழார்கள் அரசுப் படையோடு வந்து குத்தகை கேட்ட இடங்களும் உண்டு. அந்தப் போர் வயலில் தோற்ற போர் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் நெடுவழி, உங்கள் படைக் கொள்கைக்குக் கொரியா ஒரு முட்டுக்கட்டை. அங்கேயும் அமெரிக்கா கட்டியது முதலில் படைதான். 1961-இல் பார்க் சுங் ஹீ, 1979, 80-இல் சுன் டூ ஹுவான் என்று அந்தப் படை இரண்டு முறை ஆட்சியை விழுங்கவும் செய்தது. 1980 மேயில் குவாங்ஜுவில் சொந்த மக்களையே சுட்டது. அடுத்த வருடத் தொடக்கத்தில் ரீகன் சுன்னை வெள்ளை மாளிகைக்கு அழைத்து உபசரித்தார். ஒரு தலைமுறைக் கொரிய மாணவர்கள் அதை மன்னிக்கவில்லை. 1985 வாக்கில் இந்த இழை தொடங்கியிருந்தால் கொரியாவையும் நிகராகுவாவையும் ஒரே பட்டியலில் போட்டிருப்பீர்கள்.

ஆனால் 1987 ஜூனில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தபோது படை வெளியே வரவில்லை. படையை இறக்காதீர்கள் என்று அமெரிக்காவும் அப்போது வற்புறுத்தியது. இறங்கிய கூட்டத்தில் மாணவர்களோடு அலுவலக ஊழியர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் 1950-இன் நிலச் சீர்திருத்தத்தில் சிறு நிலம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள், படித்து நகரத்துக்கு வந்தவர்கள். ஜனநாயகத்தைக் கொரியர்கள்தான் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா கொடுத்தது மூன்று: 36,000-க்கும் மேற்பட்ட தன் வீரர்களின் உயிர், நீண்ட காலப் பணம், எழுபது வருடத்துக்கு மேல் நீடிக்கும் காவல். 2024 டிசம்பரில் அதிபர் யூன் இராணுவச் சட்டம் போட்டபோது சில மணி நேரத்துக்குள் நாடாளுமன்றம் கூடி அதை ரத்து செய்ததே, அதுதான் இதன் நீண்டகால விளைச்சல்.

தென்றல்வரி எழுதியது:

வெற்றி, தோல்வி என்று இரண்டே பத்தி வைத்துக் கணக்கு எழுதுகிறோம். லாவோஸை எந்தப் பத்தியில் எழுதுவது?

அமெரிக்கா லாவோஸோடு போர் அறிவிக்கவே இல்லை. 1964 முதல் 1973 வரை இருபது லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளை அந்தச் சின்ன நாட்டின் மேல் கொட்டியது. அவற்றில் கொத்துக்குண்டுகளின் சிறு உருண்டைகள் மட்டும் சுமார் 27 கோடி. ஏறக்குறைய எட்டுக் கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின. பழம் அளவுக்கு இருக்கும், பந்து என்று குழந்தைகள் எடுத்துவிடுவார்கள். போர் முடிந்த பிறகும் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ உறுப்பிழந்தோ போயிருக்கிறார்கள். குண்டு விழுந்தபோது பிறந்தேயிராதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

முதல் அமெரிக்க அதிபர் அங்கே கால்வைத்தது 2016-இல். ஒபாமா மூன்று ஆண்டுக்கு ஒன்பது கோடி டாலர் தருவதாகச் சொன்னார். நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வயலை உழுமுன் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு அந்தத் தலையீடு இன்னும் முடியவில்லை. நெடுவழியின் முப்பது வருட அளவுகோல்கூட அங்கே குட்டையாகத்தான் இருக்கிறது.

நெடுவழி எழுதியது:

தென்றல்வரி, நான் படை, அரசு, நிலம் என்று மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பதிவு என்னைக் கீழே இறக்கியது, நன்றி.

மூன்றாம் சாமம் சொன்ன கொரியக் கணக்கையும் ஏற்கிறேன். படையைக் கட்டியது மட்டுமே தீங்கல்ல. படைக்கு எதிரே நிற்கக்கூடிய, சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் படிப்பும் உள்ள மக்கள் உருவானார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம். சொமோசாவின் நிகராகுவாவில் அப்படி ஒரு கூட்டம் உருவாக விடவில்லை. சரி, ஆப்கானிஸ்தானை யாராவது எடுக்கிறீர்களா? இருபது வருடம் இருந்தார்கள். பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது.

ஏடகம் எழுதியது:

இருபது வருடம் இருந்தார்கள் என்பதே சரியில்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் போய்விடலாம் என்ற நினைப்போடு இருந்தார்கள். அதிகாரிகள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மாவட்டத்தில் யார் யாருக்கு உறவு, எந்தத் தண்ணீர்த் தகராறு எத்தனை வருடப் பழசு என்று புரியத் தொடங்கும்போது ஆள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

அடித்தளத்திலேயே இரண்டு பிழை. ஆப்கானிஸ்தானில் புது அரசு அமைக்கக் கூடிய 2001 டிசம்பர் பான் மாநாட்டில் தோற்ற தாலிபானுக்கு இடம் தரவில்லை. தோற்று, பயந்து, பேரத்துக்குத் தயாராக இருந்த நேரம் அதுதான். அப்போது கதவைச் சாத்திவிட்டு, 2020 பிப்ரவரியில் தோஹாவில், அவர்கள் பலமாக இருந்தபோது பேசினார்கள். அந்த ஒப்பந்தத்தில் காபூல் அரசு ஒரு தரப்பாகவே இல்லை. ஆனால் காபூல் சிறைகளிலிருந்து 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்பட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். தன் அரசைக் கேட்காமல் தன் எதிரியோடு அமெரிக்கா பேசியதைப் பார்த்த ஒரு படைவீரன் எதற்காகச் சண்டை போடுவான்?

இரண்டாவது, பணம். மறுகட்டமைப்புக்கு மட்டும் ஏறத்தாழ 14,500 கோடி டாலர். விலைவாசியைச் சரிசெய்து பார்த்தாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பா முழுவதற்கும் கொடுத்த மார்ஷல் திட்டத்தைவிட அதிகம். அந்தப் பொருளாதாரத்தால் செரிக்க முடியாத தொகை. விளைவு ஊழல். சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்த போலிப் படைவீரர்களை அமெரிக்கத் தணிக்கை அமைப்பே வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. வரி கொடுக்கிறவரை நம்பி நிற்காமல் டாலர் கொடுக்கிறவரை நம்பி நின்ற அரசு மக்களுக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? விமானப்படையைப் பராமரித்தவர்களும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் போனதும் விமானம் தரையில் நின்றது. 2021 ஆகஸ்ட் 15-இல் காபூல் ஒரு பகலில் விழுந்தது இதனால்தான்.

ஆனாலும் முழுக்கத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த இருபது வருடத்தில் லட்சக்கணக்கான பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மருத்துவர், நீதிபதி, நிருபர் என்று வளர்ந்தார்கள். இன்று ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களின் தங்கைகளுக்குக் கதவு மூடியிருக்கிறது. படித்த படிப்பை யாரும் திரும்பப் பறிக்க முடியாது. பயன்படுத்த விடாமல் செய்ய முடிகிறது. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

மூன்றாம் சாமம் எழுதியது:

தலையிடாமல் விட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1993 அக்டோபரில் மொகதிஷுவில் ஒரே மோதலில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில், ஆறு மாதம் கழித்து ருவாண்டாவில் கொலை தொடங்கியபோது வாஷிங்டன் ஒதுங்கியது. இனப்படுகொலை என்ற சொல்லைக்கூட அதிகாரிகள் தவிர்த்தார்கள். நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் செர்பியப் படை கொன்ற முஸ்லிம்கள் எட்டாயிரத்துக்கும் மேல்.

அதற்குப் பிறகுதான் போஸ்னியாவில் இறங்கினார்கள். அந்த நவம்பரில் அமெரிக்காவின் டேட்டனில் உடன்பாடு, 60,000 பேர் கொண்ட அமைதிப்படை. முப்பது வருடம் ஆயிற்று, போர் திரும்பவில்லை. நாடு ஒட்டவும் இல்லை. இரண்டு பகுதி, மூன்று பேர் கொண்ட அதிபர் பதவி, மேலே ஒரு சர்வதேச மேற்பார்வையாளர். இதை வெற்றி என்பேனா? புதைகுழி தோண்டுவது நின்றதே, ஆம் என்பேன். கொசோவோவின் அல்பேனியர்களைக் காக்க 1999-இல் நேட்டோ நடத்திய 78 நாள் குண்டுவீச்சுக்கு ஐநா பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லை, பொதுமக்களும் இறந்தார்கள், பிறகு செர்பியர்கள் விரட்டப்பட்டார்கள். இருந்தும் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில் கிளின்டனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சட்டமும் அங்கிருந்த அல்பேனியர்களின் நன்றியும் வேறு வேறு பக்கம் நிற்கின்றன. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க என்னால் முடியவில்லை.

ஊசிமுனை எழுதியது:

கொசோவோவைக் காட்டித்தான் 2011-இல் லிபியாவுக்குப் போனார்கள். இந்தமுறை ஐநா தீர்மானம் இருந்தது. பெங்காசி மக்களைக் காப்பதற்கான தீர்மானம், சில மாதத்தில் ஆட்சிமாற்றமாக உருமாறியது. அக்டோபரில் ஆட்சியாளர் கடாபி கொல்லப்பட்டார். 2012 தேர்தல் அமைதியாகவே நடந்தது, மக்கள் ஆசையோடு வந்தார்கள். ஆயுதக் குழுக்களைக் கலைக்க ஆளில்லை. 2014-இல் நாடு இரண்டாயிற்று. ஆயுதங்கள் பாலைவனம் தாண்டி மாலி வரை போயின. அடுத்த நாளுக்குத் திட்டமிடாததே தன் ஆட்சியின் மிக மோசமான பிழையாக இருக்கலாம் என்று ஒபாமாவே 2016-இல் சொன்னார். 2023 செப்டம்பரில் டெர்னாவில் பராமரிப்பில்லாத அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானவர்களை அடித்துக்கொண்டு போனது. அணையைக் கவனிக்க வேண்டியது அரசு. அந்த அரசுதான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2003-இல் கடாபி தன் அணுஆயுத முயற்சியைக் கைவிட்டவர். அவருக்கு நேர்ந்த முடிவை வட கொரியா பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்துவிடாதே என்ற பாடத்தை அது வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

தென்றல்வரி எழுதியது:

இராக் போரைத் தொடங்கிய அதே 2003-இல் அதே புஷ் கையெழுத்திட்ட இன்னொரு திட்டத்தையும் சொல்லியாக வேண்டும். எய்ட்ஸ் நிவாரணத் திட்டம், பெப்ஃபார். ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர் என்று தொடங்கியது. பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்கு. இரண்டரைக் கோடி உயிர்கள் காக்கப்பட்டதாக அமெரிக்க அரசின் மதிப்பீடு. ஒரு துப்பாக்கிகூட இல்லாத தலையீடு, என் கணக்கில் மார்ஷல் திட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது. ஆனால் அதுவும் வாஷிங்டனின் மனநிலையில் தொங்குகிறது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை முடக்கியபோது மருந்து வாங்க வந்தவர்கள் மூடிய மருத்துவ மையங்களின் முன்னால் நின்றார்கள்.

நெடுவழி எழுதியது:

என் தொடக்கப் பதிவை நானே திருத்த வேண்டியிருக்கிறது. நேற்றிரவு பனாமாவையும் ஹைட்டியையும் அருகருகே வைத்துப் படித்தேன்.

1989 டிசம்பரில் பனாமாவுக்குள் நுழைந்து சர்வாதிகாரி நொரியேகாவைப் பிடித்தார்கள். ஐநா பொதுச்சபை கண்டித்தது. ஆனால் அந்த மே மாதத் தேர்தலில் உண்மையில் ஜெயித்த எந்தாரா கையில் ஆட்சி போனது. பனாமா தன் இராணுவத்தையே ஒழித்தது. 1999-இன் கடைசி நாளில் அமெரிக்கா வசமிருந்த பனாமா கால்வாயும் வந்துசேர்ந்தது. தேர்தல்கள் தொடர்ந்து நடக்கின்றன. படை போனால் போதும் என்ற என் வாதத்துக்கு நல்ல உதாரணம் என்று மகிழ்ந்தேன்.

ஹைட்டி அந்த மகிழ்ச்சியைக் கெடுத்துவிட்டது. 1994-இல் ஏறத்தாழ 20,000 வீரர்களோடு போய், இராணுவம் விரட்டிய அதிபர் அரிஸ்டீடை மறுபடி நாற்காலியில் அமர்த்தினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவருக்காகப் போனார்கள், இதைவிட நியாயமான காரணம் இருக்குமா? அடுத்த வருடமே அவர் இராணுவத்தைக் கலைத்தார். மரைன்கள் 1915-க்குப் பிறகு கட்டியதன் வாரிசான படை எண்பது வருடம் கழித்து ஒழிந்தது. பனாமாவைப் போலவே எல்லாம். இல்லாதது கால்வாய் போன்ற வருமானம்.

கூடவே வந்த பொருளாதார நிபந்தனைகளில் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காட்டுக்கு இறங்கியது. அமெரிக்க அரசு மானியத்தில் விளைந்த அரிசி மலிவாக வந்து குவிந்தது. ஆர்டிபோனிட் பள்ளத்தாக்கின் நெல் விவசாயிகளால் அந்த விலைக்கு விற்க முடியவில்லை. நிலத்தை விட்டு போர்ட்-ஓ-பிரின்ஸின் குடிசைகளுக்குப் போனார்கள். 2010 நிலநடுக்கத்தில் முதலில் நொறுங்கியவற்றில் அந்தக் குடிசைகளும் உண்டு.

அந்த வருடம் மார்ச்சில் கிளின்டன் செனட் குழுவின் முன் உட்கார்ந்து, தன் அர்க்கன்ஸா விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்த அந்தக் கொள்கை ஹைட்டிக்குத் தவறாக முடிந்தது, தன் மக்களுக்கு உணவளிக்கும் திறனை அந்த நாடு இழந்ததோடு தான் தினமும் வாழ வேண்டியிருக்கிறது என்றார். மூன்றாம் சாமம், நீங்கள் வியட்நாமைப் பற்றி எழுதியதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. ஹைட்டியிலும் வயலில்தான் தோற்றிருக்கிறார்கள், ஒரு குண்டும் போடாமலே.